கிளட்டில் ரைமர் போடுவது: ஒரு மணிக்கூடு, ஒரு பட்டம்

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைத் திரையில் வரைந்து செக்கன் முள்ளை ஓடவிட வேண்டும் என்று வையுங்கள். திரையில் படம் வரைய உதவுகிற ஓப்பன்ஜிஎல் படிக்கத் தொடங்கிய எவருக்கும் இது அரைநாள் வேலை. ஒரு வட்டம், பன்னிரண்டு கோடு, மூன்று முள். வரைவதில் ஒரு கரைச்சலும் இல்லை. முள் ஓடத் தொடங்கிய பிறகுதான் கரைச்சல். பத்து நிமிடத்தில் ஒரு செக்கன் பிந்தியிருக்கும். நிறுத்தவும் ஓட்டவும் வைத்த ஸ்பேஸ் கீயை நாலு தரம் கெதியாகத் தட்டினால் முள் பேய் பிடித்ததுபோல் ஓடும். இரண்டுக்கும் காரணம் ரைமரைப் பற்றிய ஒரே தப்பெண்ணம். ரைமர் நேரம் சொல்கிற சாமான் அல்ல. அது எழுப்பிவிடுகிற சாமான் மட்டும்தான். எழும்பிய பிறகு "இப்ப எத்தனை மணி" என்று மணிக்கூட்டைப் பார்க்கவேண்டியது உங்கள் பாடு.

இங்கே கதைப்பது கிளட் பற்றி. ஓப்பன்ஜிஎல் நிரலுக்கு விண்டோ, கீபோர்ட், ரைமர் எல்லாம் தருகிற லைபிரரி அது. சிலிக்கன் கிராபிக்ஸில் இருந்த மார்க் கில்கார்ட் எழுதியது. திருத்திய பிரதியை வெளியிட அதன் உரிமம் இடம்தராததால் 1999 இல் பவெல் ஓல்ஸ்ரா ஃபிரீகிளட்டைத் தொடங்கினார். இன்று லினக்ஸில் நீங்கள் நிறுவுவது இந்த இரண்டாவதைத்தான். பழைய லைபிரரி, புதுத் திட்டம் ஒன்றை இதில் தொடங்கச் சொல்லமாட்டேன். ஆனால் கிராபிக்ஸ் ஆய்வுகூடங்களில் இன்னமும் இதுதான் ஓடுகிறது, ரைமரின் அடிப்படைச் சிக்கல்களை இதில் வெட்டவெளிச்சமாகப் பார்க்கலாம்.

கோட் துண்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சி மொழிக்கு மாற்றுவது பெரிய வேலை அல்ல.

கிளட்ரைமர்ஃபங்க் மூன்று பெறுமானங்கள் கேட்கும். எத்தனை மில்லிசெக்கன் கழித்து, எந்த ஃபங்ஷனை, எந்த முழு எண்ணைக் கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மூன்றாவதைப் பலர் 0 என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பின்னால் நம்மைக் காப்பாற்றப் போவது அந்த எண்தான்.

இந்த ரைமர் ஒரு தரம்தான் அடிக்கும். தொடர்ந்து அடிக்க வேண்டுமென்றால் கோல்பக்குக்குள்ளேயே, அதாவது ரைமர் அடிக்கும்போது கிளட் கூப்பிடுகிற உங்கள் ஃபங்ஷனுக்குள்ளேயே, திரும்பப் பதிய வேண்டும். கொடுக்கிற மில்லிசெக்கன் கீழெல்லை: அதற்கு முதல் அடிக்காது, பிந்தி அடிக்கலாம். பதிந்ததை ரத்துச் செய்ய வழியே இல்லை. "நீக்கு" என்று ஒரு ஃபங்ஷன் எங்காவது இருக்கும் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இல்லை.

ஏன் பிந்துகிறது? ரைமருக்கென்று தனியாக ஒரு திரெட் (நிரலுக்குள் பக்கத்தில் ஓடுகிற இன்னொரு வேலைவரிசை) ஓடுவதில்லை. கிளட்மெயின்லூப் ஒரு சுற்றில் கீபோர்ட், மவுஸ் நிகழ்வுகளைக் கவனிக்கும், நேரம் வந்த ரைமர்களைக் கூப்பிடும், வரைய வேண்டிய விண்டோக்களை வரையும், அடுத்த ரைமர் வரை உறங்கும். எல்லாம் ஒரே வரிசை. வரைகிற ஃபங்ஷன் 12 மில்லிசெக்கன் எடுத்தால் அந்த நேரத்துக்குள் அடிக்க வேண்டிய ரைமர் வாசலில் காத்துநிற்கும். கோல்பக்குக்குள் ஸ்லீப் போட்டால் கீபோர்ட்டும் சேர்ந்து உறங்கும். ஆகவே கோல்பக்கில் ஸ்லீப் வேண்டவே வேண்டாம்.

முதலில் மணிக்கூடு. எல்லோரும் முதல் எழுதுவது இது:

செக்கன்அடி(எண்) {
    செக்கன் = செக்கன் + 1;
    கிளட்போஸ்ற்ரீடிஸ்பிளே();
    கிளட்ரைமர்ஃபங்க்(1000, செக்கன்அடி, 0);
}

ஒவ்வோர் அடியும் 2 மில்லிசெக்கன் பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 1000 எண்ணத் தொடங்குவது பிந்திய இடத்திலிருந்து. ஆகவே பிந்தல் அழியாது, மேலும் மேலும் சேரும். பத்து நிமிடத்தில் 1.2 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் 7.2 செக்கன். ஒரு நாளில் ஏறக்குறைய 2 நிமிடம் 53 செக்கன். 1000 ஐ 998 ஆக்கிச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் மடிக்கணினியில் சரிவரும், பக்கத்து மேசைக் கணினியில் பிழையாகும்.

சரியான வழி, எண்ணுவதையே விட்டுவிடுவது:

செக்கன்அடி(எண்) {
    கிளட்போஸ்ற்ரீடிஸ்பிளே();
    மிச்சம் = 1000 - (இப்போதைய_மில்லிசெக்கன் % 1000);
    கிளட்ரைமர்ஃபங்க்(மிச்சம், செக்கன்அடி, 0);
}

முள் எங்கே நிற்கவேண்டும் என்பதை வரைகிற ஃபங்ஷன் கணினியின் நேரத்தைக் கேட்டே முடிவுசெய்யும். ரைமர் செய்வதெல்லாம் அடுத்த முழுச் செக்கன் பிறக்கிற நேரத்துக்கு எழுப்பிவிடுவது. இந்தத் தரம் 300 மில்லிசெக்கன் பிந்தினால் மிச்சம் 700 ஆகக் கணக்காகும், அடுத்த அடி தன் இடத்துக்கு வந்துவிடும். சிலவேளை முழுச் செக்கனுக்கு 1 மில்லிசெக்கன் முந்தியே எழும்பும், கிளட் எண்ணுகிற நேரமும் கணினியின் சுவர் நேரமும் வேறு வேறு என்பதால். பயப்படத் தேவையில்லை. பழைய இடத்திலேயே முள்ளை வரைந்துவிட்டு, 1 மில்லிசெக்கன் கழித்து மீண்டும் எழும்பும்.

நேரத்தைச் செக்கனில் எடுக்கும்போது, ஒரு நாளின் செக்கன்களான 86400 ஆல் வகுத்த மீதியை நேரடியாக முள்ளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது கிரீன்விச் நேரம். இலங்கை அதிலிருந்து 5 மணி 30 நிமிடம், அதாவது 19800 செக்கன் முந்தி. லோக்கல்ரைம் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது பார்த்துக்கொள்ளும். 1875 இல் வேல்ஸ் இளவரசர் வந்துபோனதன் நினைவாக எழுந்த கோபுரம்தான், என்றாலும் அதற்காக லண்டன் நேரம் காட்டத் தேவையில்லை.

கோபுரத்துக்கு நாலு முகம். நாலு முகத்தையும் நாலு விண்டோவில் காட்டப்போனால் இன்னொரு குழி இருக்கிறது. கிளட்போஸ்ற்ரீடிஸ்பிளே "நடப்பு விண்டோ"வைத்தான் குறித்துவைக்கும். ரைமர் கோல்பக் வரும்போது நடப்பு விண்டோ எது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கடைசியாக எதைத் தொட்டீர்களோ அதுவாக இருக்கும். ஒரு முகம் ஓடும், மற்ற மூன்றும் மவுஸ் மேலே போகும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். கிளட்போஸ்ற்விண்டோரீடிஸ்பிளே என்பதற்கு விண்டோவின் இலக்கத்தைக் கொடுத்து நாலு தரம் கூப்பிடுங்கள்.

இந்தப் போஸ்ற் ஃபங்ஷன்கள் எதுவும் உடனே வரைவதில்லை, "வரையவேண்டும்" என்று கொடி நாட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஒரு சுற்றுக்குள் பத்துத் தரம் கூப்பிட்டாலும் வரைவது ஒரு தரம். ஆகவே தாராளமாகக் கூப்பிடலாம். டிஸ்பிளே ஃபங்ஷனை ரைமருக்குள்ளிருந்து நேரே கூப்பிடுவதுதான் கூடாது.

அதைவிட மோசம் டிஸ்பிளே ஃபங்ஷனுக்குள் ரைமரைப் பதிவது. டிஸ்பிளே உங்கள் ரைமரால் மட்டும் கூப்பிடப்படுவதில்லை. விண்டோ வேறொன்றுக்குப் பின்னால் போய் வெளியே வந்தாலும், அளவு மாறினாலும் கூப்பிடப்படும். ஒவ்வொரு தரமும் புது ரைமர் ஒன்று பதியும், அது தன் வழியில் டிஸ்பிளேயைக் கூப்பிட்டு இன்னொன்றைப் பதியும். விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப்பாருங்கள், இருந்தாற்போல் எல்லாம் வேகமெடுக்கும். பயிற்சிக் கோட்களில் அடிக்கடி காண்கிற பிழை இது.

இனிப் பட்டம். செக்கனுக்கு ஒரு தரம் அசைகிற முள்ளில் தெரியாத பிழைகள், வழுவழுப்பாக ஆடவேண்டிய ஒன்றில் தெரியும். கோபுரத்துக்கு மேலே ஒரு கொக்குப் பட்டம் ஏற்றுவோம். 2.5 செக்கனுக்கு ஒரு ஆட்டம், இருபக்கமும் 12 பாகை. பட்டத்தில் கட்டுகிற விண் கூவுகிற சத்தத்தை விட்டுவிடுவோம், அதற்குக் கிளட்டில் இடமில்லை.

கோணத்தை ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போகாமல், நேரத்திலிருந்து நேரே கணக்கிடுங்கள்: கோணம் = 12 × சைன்(2π × நேரம் ÷ 2.5). நேரத்தை கிளட்கெற் மூலம், கிளட் இலப்ஸ்ட் ரைம் என்ற மாறிலியைக் கொடுத்து எடுக்கலாம். மில்லிசெக்கனில் ஒரு முழு எண் வரும். அதை 1000 ஆல் வகுத்தால் சி மொழியில் முழு எண்தான் கிடைக்கும், பட்டம் செக்கனுக்கு ஒரு தரம் வெட்டி வெட்டித் தாவும். 1000.0 என்று வகுங்கள். மில்லிசெக்கனை ஃபுளோட் என்ற தசம எண் மாறியில் வைப்பதும் பிழை. ஃபுளோட்டுக்கு 24 பிற் துல்லியம்தான் உண்டு. 16,777,216 மில்லிசெக்கனைத் தாண்டியதும், அதாவது ஓடத்தொடங்கி 4 மணி 40 நிமிடமளவில், ஒற்றை எண்களை அது பிடிக்காது. அதைவிடத் துல்லியம் கூடிய டபிள் போடுங்கள்.

எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் எழுப்புவது? 60 ஹேர்ட்ஸ் மொனிற்றரில் ஒரு பிரேம், அதாவது திரையில் காட்டுகிற ஒரு படம், 16.667 மில்லிசெக்கன். கிளட்டோ முழு எண்தான் ஏற்கும். 17 கொடுத்தால் செக்கனுக்கு 58.8 பிரேம்தான் கிடைக்கும், மொனிற்றர் 60 தரம் கேட்கும். ஏறக்குறைய 0.85 செக்கனுக்கு ஒரு தரம் பழைய பிரேமே திரும்பக் காட்டப்படும். பட்டத்தின் ஆட்டத்தில் அது ஒரு சின்னத் தடக்கலாகக் கண்ணில் படும். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் ஏன் தடக்குகிறது என்று மண்டையை உடைக்கிற இடம் இதுதான். 16 கொடுத்து, மொனிற்றரின் வேகத்தோடு படம் மாறுவதை ஒத்துப்போகச் செய்கிற விசிங்கைப் போட்டுவிட்டால், வரைந்த படத்தைத் திரைக்கு மாற்றுகிற கிளட்ஸ்வொப்பபர்ஸ் மொனிற்றருக்காகக் காத்திருக்கும், வேகத்தை அதுவே 60 க்கு அடக்கிவிடும். விசிங் இல்லாவிட்டால் 16 இல் படம் குறுக்கே கிழிந்ததுபோல் ஒரு கோடு மெல்ல நகர்ந்து திரியும். 16 போடுங்கள், விசிங்கையும் போடுங்கள்.

திரும்பப் பதிகிற வரியைக் கோல்பக்கின் முதலில் போடுவதா கடைசியில் போடுவதா? கோல்பக்கில் 5 மில்லிசெக்கன் கணக்கு வேலை இருந்து, பதிவதைக் கடைசியில் வைத்தால் இடைவெளி 21 ஆகிவிடும், செக்கனுக்கு 47 அல்லது 48 பிரேம். முதலில் வைத்தால் அந்த 5 இடைவெளிக்குள்ளேயே அடங்கும். ஆகவே முதலில். ஆனால் வேலை 16 ஐத் தாண்டுமானால் முதலில் வைத்தும் பயனில்லை, அப்போது குறைக்க வேண்டியது வேலையை.

ரைமரை விட்டுவிட்டு, வேறு வேலை இல்லாத நேரமெல்லாம் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிற கிளட்ஐடில்ஃபங்க் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஐடில் ஒன்று பதிந்திருந்தால் மெயின்லூப் உறங்கவே உறங்காது. ஒரு கோர் முழுதாகச் சுடும். கரண்ட் நின்று மடிக்கணினி பற்றரியில் ஓடுகிற மத்தியானத்தில் ஃபான் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ரைமருக்கு 0 கொடுத்துத் திரும்பத் திரும்பப் பதிவதும் கிட்டத்தட்ட அதே கதை.

எல்லா அசைவையும் நேரத்திலிருந்து நேரே கணக்கிட முடியாது. காற்று மாறிமாறி அடிக்க, நூல் இழுக்க, வால் பின்னால் வளைய வேண்டுமென்றால், முந்திய நிலையிலிருந்து அடுத்த நிலையைக் கட்ட வேண்டும். அங்கே கடைசி அடியிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் போனது என்று எடுத்து, ஒரு சேமிப்பு மாறியில் கூட்டி, அதில் 10 மில்லிசெக்கன் சேரும்போதெல்லாம் ஒரு படி இயற்பியல் ஓட்டுவது நல்ல வழக்கம். ஒரு காவல் மட்டும் வேண்டும். பெரிய ரெக்ஸ்சர் ஃபைல் ஒன்றை ஏற்ற 2 செக்கன் போனால், அல்லது டிபக்கரில் நிறுத்திவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், சேமிப்பில் நூற்றுக்கணக்கான படிகள் நிற்கும். அவற்றை ஓட்ட நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்குள் இன்னும் படிகள் சேரும், மீளவே மாட்டாது. இடைவெளி 100 ஐத் தாண்டினால் 100 என்று வெட்டிவிடுங்கள். பட்டம் கொஞ்சம் தாமதிக்கும், நூல் அறாது.

நேரஇலக்கு வைத்து ரைமர் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடுத்த இலக்கு கழித்தல் இப்போதைய நேரம் என்று கணக்கிட்டு அதை அப்படியே கிளட்ரைமர்ஃபங்க்குக்குக் கொடுப்பது வழக்கம். பிந்திவிட்டால் விடை -3 என்று வரும். அந்த இடத்தில் கிளட் எதிர்பார்ப்பது குறியில்லாத முழு எண். 32 பிற்றில் -3 என்பது 4,294,967,293 ஆகிவிடும். அத்தனை மில்லிசெக்கன் 49 நாளுக்கும் மேல். பிழைச்செய்தி ஒன்றும் வராது, பட்டம் வானத்திலேயே உறைந்து நிற்கும். பூச்சியத்துக்குக் குறைந்தால் பூச்சியம் என்று ஒரு வரி சேருங்கள்.

இப்போது அந்த ஸ்பேஸ் கீ. நிறுத்தவும் ஓட்டவும் பலர் செய்வது: "ஓடுகிறது" என்று ஒரு மாறி. கோல்பக்கில் அது இல்லை என்றால் திரும்பப் பதியாமல் விடுவது. திரும்ப ஓட்டும்போது மாறியை ஆம் ஆக்கிப் புது ரைமர் பதிவது. மெதுவாகத் தட்டினால் வேலை செய்யும். செக்கன் முள்ளின் ரைமருக்கு 1000 மில்லிசெக்கன் இருக்கிறது, அதற்குள் இரண்டு தரம் தட்டினால்? முதல் தட்டில் நின்றது, இரண்டாவதில் ஓடியது, புது ரைமர் பதிந்தது. பழையது இன்னும் அடிக்கவில்லை. அது அடிக்கும்போது மாறி ஆம் என்றிருக்கும், அதுவும் தன்னைத் திரும்பப் பதியும். இப்போது இரண்டு சங்கிலி. இன்னும் இரண்டு தட்டுக்கு மூன்று. எண்ணிக் கூட்டுகிற கோட் என்றால் முள் மும்மடங்கு வேகம். மணிக்கூட்டைப் பார்க்கிற கோட் என்றால் வேகம் மாறாது, ஆனால் வீணாக மும்மடங்கு வரையும், பிழை ஒளிந்துகொள்ளும்.

மருந்து அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது:

ஸ்பேஸ்_தட்டு() {
    தலைமுறை = தலைமுறை + 1;
    ஓடுகிறது = !ஓடுகிறது;
    ஓடுகிறது எனில் {
        முந்திய_நேரம் = இப்போது;
        கிளட்ரைமர்ஃபங்க்(16, பிரேம்அடி, தலைமுறை);
    }
}

பிரேம்அடி(எண்) {
    எண் != தலைமுறை எனில் திரும்பு;
    கிளட்ரைமர்ஃபங்க்(16, பிரேம்அடி, எண்);
    ...
}

பழைய சங்கிலியை நிறுத்த முடியாது, சரி. ஆனால் அது கையில் பழைய இலக்கத்தோடுதான் வரும். இலக்கம் பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகட்டும். ஒப்பிடுகிற வரி எல்லாவற்றுக்கும் முதல் வரவேண்டும், குறிப்பாகத் திரும்பப் பதிகிற வரிக்கு முதல். முந்திய_நேரம் வரியையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் நிறுத்திவைத்த நேரமெல்லாம் ஒரே அடியில் வந்து சேரும், பட்டம் துள்ளும்.

சி++ இல் எழுதுகிறவர்கள் வகுப்பு ஒன்றின் மெம்பர் ஃபங்ஷனை நேரே கொடுக்கப் பார்ப்பார்கள், கொம்பைலர் விடாது. கிளட்டுக்கு வேண்டியது வெறும் சி ஃபங்ஷன் சுட்டி. வெளி மாறிகள் எதையும் பிடித்துவைக்காத லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) போகும், பிடித்துவைக்கிற லாம்டா போகாது. பொருளின் முகவரியை அந்த முழு எண்ணுக்குள் திணிப்பவர்களும் உண்டு. 64 பிற் கணினியில் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டு நிரல் விழும். பொருள்களை ஓர் அணியில் வைத்து, எண்ணாக அணியின் இடத்தைக் கொடுங்கள். ஃபிரீகிளட் 3.4 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், பயனர் தரவுக்குத் தனிச் சுட்டி வாங்குகிற ஒரு ரைமர் ஃபங்ஷனும் சேர்ந்திருக்கிறது.

கிளட்போல் விண்டோவும் ரைமரும் தருகிற இன்னொரு லைபிரரியான எஸ்டிஎல்லுக்கு மாறப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எஸ்டிஎல் அட்ரைமரின் கோல்பக் வேறு திரெட்டில் ஓடும். அதற்குள்ளிருந்து ஓப்பன்ஜிஎல்லைத் தொட்டால் அந்தத் திரெட்டுக்குக் கொன்ரெக்ஸ்ற் (ஓப்பன்ஜிஎல் வரைவதற்கு வேண்டிய நிலை) இருக்காது, திரை கறுப்பாகும் அல்லது நிரல் விழும். கோல்பக்கில் ஒரு நிகழ்வை வரிசைக்குள் தள்ளிவிட்டு, வரைவதைப் பிரதான லூப்பில் செய்யுங்கள். கோல்பக் திருப்பித் தருகிற எண்தான் அடுத்த இடைவெளி, 0 தந்தால் ரைமர் நின்றுவிடும். ரத்துச் செய்யவும் தனி ஃபங்ஷன் இருக்கிறது, கிளட்டில் இல்லாத சௌகரியம்.

வரவேற்பு மேசைத் திரை ஒன்றில் இந்த மணிக்கூட்டை மாதக்கணக்கில் ஓடவிடுவதென்றால் கடைசியாக ஒரு கணக்கு. கிளட்கெற் திருப்பித் தருவது குறியுள்ள முழு எண். 2,147,483,647 மில்லிசெக்கன், அதாவது 24.8 நாள் தாண்டியதும் அது மறை எண்ணாகும். இடைவெளி கணக்கிடும்போது இரண்டு நேரங்களையும் குறியில்லாத எண்ணாக மாற்றிக் கழித்தால் விடை சரியாகவே வரும். சரிபார்க்க இருபத்தைந்து நாள் காத்திருக்கத் தேவையில்லை. கிளட்கெற்றை உங்கள் சொந்த ஃபங்ஷன் ஒன்றால் மூடி, சோதனையின்போது மட்டும் அதற்குள் 2,147,480,000 ஐக் குறியில்லாத எண்ணாகக் கூட்டித் திருப்புங்கள். நிரல் தொடங்கி மூன்றரைச் செக்கன் கழித்துப் பட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.